பேரன் போட்ட கணக்கு

டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டு முகப்பு விளக்குகளைப் பாட்டுக்கேற்ப ஆடவிடுகிறார்கள். அதற்கு எந்த மென்பொருள் என்று மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒரே பேச்சு.

லைட்-ஓ-ராமாவுக்கு உரிமக் கட்டணம் உண்டு. விக்ஸன் இலவசம், விண்டோஸில்தான் ஓடும். எக்ஸ்லைட்ஸும் இலவசம், மேக்கிலும் ஓடும். வீட்டில் இருப்பது மேக். அதனால் எக்ஸ்லைட்ஸ்.

பாட்டுக்கு ஏற்கெனவே செய்து விற்கும் கோப்பை வாங்கிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. நானே செய்வேன் என்றான் பேரன். "விளக்கு நொடிக்கு 20 முறை மாறலாம் என்றால், 3 நிமிடப் பாட்டுக்கு எத்தனை?" என்று கேட்டேன். தாளில் போட்டுப் பார்த்து, "3600 தாத்தா!" என்றான். கணக்கு என்றாலே ஒளிந்துகொள்ளும் பிள்ளை அவன்.

ஒரு பாட்டாவது அவனே செய்யட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். தாளம் கொஞ்சம் தப்பினால் தப்பட்டும். உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் ஆசை வந்தால் குறுக்கே நிற்காதீர்கள்.