ஜாலான் பெர்ஹாலாவில் ஒரு மதியச் சாப்பாடு

வானொலியில் அறிவிப்பாளர் என்று தெரிந்ததும் மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த நடிகரை நேர்ல பார்த்திருக்கீங்க?" இரண்டாவது கேள்வி, "அக்கா, பாஸ் இருக்கா?" சென்னையிலிருந்து ஒரு பாடகர் வருகிறார் என்றால், முந்நூறு வெள்ளி டிக்கெட்டுக்கு விற்பனை தொடங்கிய நிமிடமே கைப்பேசியும் கையுமாக உட்காருகிறவர்கள்தான் இவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் போடும் நாடகத்துக்கு முப்பது வெள்ளி என்றால் மட்டும் பாஸ் ஞாபகம் வந்துவிடுகிறது.

இவர்களைக் கஞ்சர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களும், கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்குகிறவர்களும் இவர்களேதான். சோற்றுக்கு அள்ளிக் கொடுக்கும் கை, கலை என்றால் ஏன் மடங்கிக்கொள்கிறது? இதை யோசித்துக்கொண்டே நடப்பதற்குக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் நல்ல இடம்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி ஜாலான் துன் சம்பந்தனுக்கு வந்தால் பூக்கடை, புடவைக்கடை, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நமது அன்றைய பிரதமர் நஜிப்பும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தார்களே, அந்த வளைவுகளும் வண்ணங்களும் உள்ள பகுதி. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இங்கேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் உள்ளே வாருங்கள். வழியில் பீசாங் கோரேங் வாங்கிக்கொண்டால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் வயிற்றில் இடம் வைத்திருங்கள்.

1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்தன. அதற்குப் பிறகு நகரத்தைச் செங்கல்லால் கட்டினார்கள். அந்தச் செங்கல்லுக்குச் சூளை போட்ட இடம் இது. பெயரும் அப்படித்தான் வந்தது. பின்னால் ரயில்வே வந்தது. தண்டவாளம் போட வந்த தமிழகத் தமிழர்களும், அலுவலகங்களில் எழுத்தர்களாக வந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் இங்கே அக்கம்பக்கத்தில் குடியேறினார்கள். ஜாலான் ஸ்காட்டில் உள்ள கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தார் கட்டியது. கோயிலோடு சேர்ந்த கலா மண்டபத்தில் திருமணமும் நடக்கும், கச்சேரியும் நடக்கும். அன்றைய ரயில்வே எழுத்தர் பிள்ளையைப் படிக்க வைத்த கையோடு வீணைக்கும் அனுப்பினார். நம் நாட்டில் கர்நாடக இசை வேர்விட்டதில் அந்தச் சம்பளக் கவருக்கும் ஒரு பங்கு உண்டு.

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் ஜாலான் பெர்ஹாலா. மலாய் மொழியில் பெர்ஹாலா என்றால் சிலை. பெயருக்கு ஏற்றபடி ஒரே தெருவில் சக்தி விநாயகர் கோயிலும் புத்த மகா விகாரையும் இருக்கின்றன. அவற்றுக்கு அருகில் இருக்கிறது 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்'. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981-இல் தொடங்கிய கலை மையம். அந்தத் தீக்கும் வெள்ளத்துக்கும் சரியாக நூறு ஆண்டு கழித்து. பரதம், ஒடிசி, வாய்ப்பாட்டு, வீணை, வயலின், தபலா என்று வகுப்புகள் நடக்கின்றன. மாலையில் போனால் மாடிப்படி முழுக்கப் பிள்ளைகளின் செருப்புகள் கிடக்கும். சீனப் பிள்ளைகளும் தட்டுக்கழி சத்தத்துக்கு அரைமண்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே அம்மாக்கள் வீட்டுப்பாட நோட்டோடு காத்திருப்பார்கள். சாந்தானந்த் அரங்கம் என்ற மேடையும் உள்ளேயே இருக்கிறது.

ஆனால் நான் உங்களை அழைத்து வந்தது சாப்பாட்டுக்கு. அன்னலட்சுமி என்ற சைவ உணவகம் இதே மையத்தைச் சேர்ந்தது. விலைப்பட்டியலோடு நடக்கும் ஒரு பகுதி உண்டு. 'ரிவர்சைடு' என்ற பெயரில் எளிமையான இன்னொரு பகுதியும் உண்டு. பெயர்பெற்றது அந்த இரண்டாவதுதான். வேண்டியதைச் சாப்பிடலாம், மனத்துக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம். பில் கிடையாது.

நான் போன மதியம் சாம்பார், ரசம், இரண்டு வகைக் காய், அப்பளம், பாயாசம். பரிமாறிய அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"எவ்வளவுமா கொடுக்கணும்?"

"உங்களுக்கு எவ்வளவு தோணுதோ அவ்வளவுதான் மா. முதல்ல பாயாசம் ஊத்திக்குங்க."

ஓய்வு பெற்ற ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. இங்கே தொண்டு செய்பவர்களில் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர் எல்லாரும் உண்டு. வருகிற பணம் மையத்தின் கலைப் பணிக்கும் அறப்பணிக்கும் போகிறது. என் பக்கத்து மேசையில் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க மூன்று இளைஞர்கள், எவ்வளவு கொடுப்பது என்று பேசிப் பேசிக் குழம்பினார்கள். வெளியே ஒரு பொருளாதார அரிசிக் கடையில் என்ன ஆகும் என்று ஒருவர் கணக்குப் போட, "அது கடை லா, இது வேற" என்றார் இன்னொருவர். கடைசியில் கணக்கைவிடக் கூடுதலாகவே வைத்துவிட்டுப் போனார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சாமர்த்தியம் ஒன்று உண்டு. நடனத்துக்கு நன்கொடை என்று உண்டியல் வைத்திருந்தால் அந்த மூன்று பேரும் பார்க்காமல் நடந்திருப்பார்கள். சோற்றுக்குக் கொடுக்க நம் கை பழகியிருக்கிறது. அந்தப் பழகிய கையிலிருந்தே சலங்கைக்கும் வாங்கிக்கொள்கிறார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு கலை மையம் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த முறையை அப்படியே எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதையும் சொல்லவேண்டும். தொண்டு உள்ளே இருப்பவர் விரும்பி எடுத்துக்கொள்வது. வெளியே அதே சொல்லை வைத்துக் கலைஞரின் சம்பளத்தை வெட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த மிருதங்கக் கலைஞர் ஒருவர் பகலில் கிராப் ஓட்டுகிறார், இரவில் வாசிக்கிறார். "சேவையா நினைச்சு வந்துடுங்கன்னு கூப்பிடுறாங்க அக்கா. பந்தல்காரருக்கும் கேட்டரிங்காரருக்கும் முன்பணம் கொடுத்துட்டுத்தான் என்னைக் கூப்பிடுறாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இப்போது சிங்கப்பூரில் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

அரங்கேற்றத்தையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். மண்டபம், நகை, வாத்தியக் குழு, விருந்து என்று பெற்றோர் பத்தாயிரக் கணக்கில் செலவழிக்கிறார்கள். அன்று மண்டபம் நிரம்புகிறது. பட்டுப் புடவை, பொன்னாடை, சிறப்புரை, மீண்டும் பொன்னாடை. அதே பெண் இரண்டு வருடம் கழித்து நண்பர்களோடு சேர்ந்து டிக்கெட் வைத்து ஒரு நிகழ்ச்சி போட்டால், அன்று விருந்து சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள்? பல நிகழ்ச்சிகளுக்கு நான் தொகுப்பாளராக நின்றிருக்கிறேன். மேடையிலிருந்து காலி நாற்காலிகள் நன்றாகவே தெரியும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2017-இல் தொடங்கிய செண்டானா அமைப்பு கலைஞர்களுக்கு மானியம் தருகிறது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில், கூட்டரசுப் பிரதேசங்களில் உள்நாட்டுக் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்குக் கேளிக்கை வரி முழுவதும் நீக்கப்பட்டது. வரியைத் தள்ளுபடி செய்ய அமைச்சால் முடியும். நாற்காலியில் வந்து உட்காரும் வேலையை நாம்தான் செய்யவேண்டும்.

தித்திவங்சாவில் உள்ள சூத்ராவுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். அது இன்னொரு நாளுக்கான பயணம். ஒடிசிக்காக 2018-இல் இந்தியாவின் பத்மஸ்ரீ பெற்ற ரம்லி இப்ராஹிம் 1983-இல் தொடங்கியது. கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கும் அவர்கள் நடனம் கற்றுத்தந்திருக்கிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு மலாய்க்காரர் ஒடிசி சொல்லித்தர முன்வருகிறார் என்றால், அந்தப் பிள்ளை ஆடும் நாளில் முன்வரிசையில் யார் இருக்கவேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜாலான் பெர்ஹாலாவுக்குக் காரில் வராதீர்கள். நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும். மோனோரயிலில் துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் நடைபாதையில் மஞ்சள் வழிகாட்டிக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அவற்றின் மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்தால் சுற்றித்தான் போகவேண்டும். உணவகம் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அழைத்து வந்தால், சாப்பிட்ட பிறகு மேசையில் வைக்கும் பணத்தை அவர்கள் கையில் கொடுங்கள், எவ்வளவு என்பதையும் அவர்களே சொல்லட்டும். போகும்போது அறிவிப்புப் பலகையில் அடுத்த நிகழ்ச்சி என்றைக்கு என்று பார்த்துவிட்டுப் போங்கள்.