தட்டு விலை

திருத்தணியில் விலை கேட்க இரண்டு மொழிகள் உண்டு. "எவ்ளோ?" என்று கேட்டால் ஒரு விலை, "எந்தண்டி?" என்று கேட்டால் இன்னொரு விலை. எது கூடுதல் என்பது நாளைப் பொறுத்தது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பழகிய ஆட்கள். வருஷா வருஷம் வருகிறவர்களிடம் கை வைக்க முடியாது. அன்றைக்கு மாட்டுவது சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குபவர்தான். ஆடிக்கிருத்திகை வந்துவிட்டால் மொழி பேதம் கிடையாது. புஷ்பக் காவடியோடு ஊர் கொள்ளாத கூட்டம் நிற்கும்போது எல்லோருக்கும் ஒரே அநியாயம்.

இந்த இரட்டை மொழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. திருத்தணி தாலுகா ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ஊர்க் கடைத்தெருவே இன்று ம.பொ.சி. சாலைதான். கோடு மாறியது, கும்பிட வருகிற ஜனம் மாறவில்லை. ஆகவே எங்கள் ஊரில் பூக்கட்டுகிற பாட்டிக்குக் கூட இரண்டு மொழியிலும் கணக்குப் போடத் தெரியும், இரண்டு மொழியிலும் ஏமாற்றவும் தெரியும்.

ஏமாற்று என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை என் பெரியம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள். அடிவாரத்தில் படிக்கட்டுப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருந்தவள். பள்ளிக்கூட லீவில் எனக்கு அங்கேதான் வேலை. "வாங்க சாமி, செருப்ப இங்க விடுங்க, காசு வேணாம்" என்று கூப்பிடுவது.

அந்தக் 'காசு வேணாம்' என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிய ஆள் அடுத்த கடைக்குப் போகமாட்டார். வெறுங்காலோடு வெயில் தரையில் நின்று எவனும் விலை விசாரிப்பதில்லை. கழற்றியவுடன் கையில் தட்டு வந்துவிடும். தேங்காய், ரெண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஊதுவத்தி, கற்பூரம், விபூதிப் பொட்டலம், மேலே ஒரு சின்ன மாலை. விலை கேட்டால், "போய் சாமி பாத்துட்டு வாங்க, வந்து குடுத்துக்கலாம்." எவ்வளவு பெரிய மனசு என்று தோன்றும். திரும்பி வரும்போது தேங்காய் உடைந்திருக்கும், மாலை சாமி கழுத்தில் இருக்கும், செருப்பு பெரியம்மாவிடம் இருக்கும். இப்போது விலை சொன்னால் என்ன செய்யமுடியும்? பேரம் என்பதே, வேண்டாம் என்று போய்விடமுடிகிறவனுக்குத்தான்.

கடைக்கு ஏலம் எடுத்த காசு, வட்டிக்கு வாங்கிய காசு, மழை பெய்த நாளில் விற்காமல் வாடிய பூ எல்லாவற்றையும் அவள் சொல்லுவாள். "வருசத்துல ஆடிக்கிருத்திகையும் டிசம்பர் 31ம்தான்டா நமக்கு அறுவடை. அந்த நாள்ல நான் நியாயம் பேசினேன்னா மீதி நாள்ல நீ பட்டினி." டிசம்பர் 31 என்பது படித்திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளைப் பார்த்துக் கும்பிடப் போகிறார்களே, அதற்குப் பதில் தணிகைமலை துரையைப் பார்க்க வாருங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது. 365 படிக்கும் பூஜை, படிக்கொரு திருப்புகழ். பக்தர்களுக்கு வருஷத்தின் நாளெல்லாம் படியாகத் தெரியும். பெரியம்மாவுக்கு அந்த ஒரு ராத்திரி மட்டும் தெரியும். அவள் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை யார் தலையில் இறக்கினாள் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிருத்திகை. தெலுங்குக் கிழவன் கிழவி, கூட ஒரு பேரன். பதினெட்டு ரூபாய்த் தட்டுக்கு நாற்பது சொன்னாள் பெரியம்மா. கிழவி ஒரு வார்த்தை பேசாமல் இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், நாலணா. எண்ணி முடிக்கவே நேரமாயிற்று. கிழவன் என்னிடம் பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு எவ்வளவு டிக்கெட் என்று மெதுவாகக் கேட்டான். பெரியம்மாவுக்கு அது காதில் விழுந்திருக்கவேண்டும். இருபது ரூபாயை எண்ணித் திருப்பி நீட்டினாள். கிழவி வாங்கவில்லை. அது சாமிக்கு முடிந்து வைத்த காசு, குடுத்தது குடுத்ததுதான், வேண்டுமானால் உண்டியலில் போட்டுவிடு என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் பேரனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். பெரியம்மா அந்தக் காசை உண்டியலில் போட்டாளா என்று எனக்குத் தெரியாது. கல்லாவில் சேர்க்காமல், விபூதித் தட்டின் ஓரத்தில் ஒரு வாரம் கிடந்ததைப் பார்த்தேன்.

அந்த மஞ்சள் துணி எனக்கு நிறைய விஷயத்தைப் புரியவைத்தது. காய்கறிக்கடையில் ஒரு ரூபாய்க்குச் சண்டை போடுகிற ஜனம் கோயில் வாசலில் வாயைத் திறப்பதில்லை. சாமிக் காரியத்தில் கணக்குப் பார்த்தால் வேண்டுதல் பலிக்காது என்று ஒரு பயம். கடைக்காரர்களுக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும். காரில் வருகிறவரிடம் ஐம்பது ரூபாய் கூட வாங்கினால் அது அவருக்கு எரிச்சல், அவ்வளவுதான். முடிச்சவிழ்க்கிறவரிடம் வாங்கினால் அது பஸ் டிக்கெட்.

எல்லா ஊரிலும் இது உண்டு, நம்மாட்கள்தான் மோசம் என்று அலுத்துக்கொள்ளத் தேவையில்லை. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ஜப்பான் துறைமுகங்களைப் பற்றிச் சொல்லுவான். டாக்ஸி மீட்டர் ஒரு யென் கூடப் பிசகாது, கதவு தானாகத் திறக்கும், டிப்ஸ் கொடுத்தால் திருப்பிக் கொடுப்பார்கள். அதே ஊரில் ராத்திரி மதுக்கடைத் தெருவில் ஒருவன் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனால் பில் தலையைச் சுற்றவைக்கும். அதற்கு அவர்கள் மொழியில் ஒரு பெயரே இருக்கிறது, 'பொத்தகுரி'. 2000இல் தோக்கியோ நகர நிர்வாகம் அதற்கென்று ஒரு தடைச் சட்டமே போடவேண்டி வந்தது. நல்ல கடைகளிலும் கேட்காமலே ஒரு கிண்ணத்தில் ஏதோ வைப்பார்களாம், அதுவும் பில்லில் ஏறுமாம். அங்கே அது வழக்கம், ஏமாற்று இல்லை என்று அவன் வாதாடினான். கேட்காமலே தட்டில் ஏறி உட்காருகிற குங்குமச் சிமிழ்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது என் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். செருப்பைக் கழற்றும் முன்னால் விலை கேளுங்கள். தட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, வேண்டாததை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கீழே கடைத்தெருவிலேயே தேங்காய் பழம் வாங்கி ஒரு பையில் கொண்டுபோங்கள், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான். டிக்கெட் என்றால் கோயில் கவுன்ட்டர், கையில் ரசீது. "க்யூ இல்லாம உள்ள கூட்டிட்டுப் போறேன் சார்" என்று தோளைத் தொடுகிறவரிடம் நின்று பேசவே வேண்டாம். தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' என்று அஞ்சு ரூபாய் கேட்டால், அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. (உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டல்களுக்கு மட்டும் இது பொருந்தாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்டிக்கடைக்குப் பொருந்தும்.) பசித்தால், 2021 செப்டம்பரிலிருந்து கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. ஓட்டல் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆட்டோவுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். மீட்டர் எல்லாம் சென்னைப் பேச்சு. 2013இல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று அங்கே அரசு நிர்ணயித்ததையே சென்னையில் பாதிப்பேர் மதிக்கவில்லை, இங்கே யார் கேட்பது? மலைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள், ஒரு தொகை சொல்வார். மேலே போய் இறங்கியதும், "அது தலைக்கு சார், வண்டிக்கு இல்ல." எத்தனை தலை, போக மட்டுமா, போய்வரவா என்ற மூன்றையும் ஏறும் முன்னால் பேசிவிட்டால் பெரும்பாலும் தகராறு வராது. முழங்கால் நன்றாக இருந்தால் படியேறுங்கள். 365 படி ஒன்றும் பெரிய ஏற்றமில்லை, அதற்கு யாரும் காசு கேட்கப்போவதும் இல்லை.

மொட்டைக்கும் இப்போது காசு கிடையாது. 2021இல் அறநிலையத்துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், முடியெடுக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். என் தங்கை பையனுக்கு முதல் மொட்டை ஒரு கோயிலில். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. 'கட்டணம் இல்லை' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்த அதே சுவருக்குக் கீழேதான் உட்காரவைத்தார்கள். பாதித் தலை முடிந்ததும் கத்தி நின்றது. "குழந்தைக்கு முதல் மொட்டை, சந்தோஷமா ஒரு ஐந்நூறு குடுங்க."

தங்கை பையைத் திறந்துவிட்டாள். அவளுடைய மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில்வே காலனியில் முப்பது வருஷம் இட்லிக்கடை நடத்தியவர்.

"பரவால்லப்பா, விட்ரு. நான் பாதி மொட்டைதான் வேண்டிக்கிட்டேன்."

அந்த ஆள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார், கத்தி மறுபடி ஓடியது. சந்தனம் பூசி முடித்ததும் அந்த அம்மா முந்தானையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது நீ கேட்டதுக்கு இல்ல. புள்ளைக்கு ரத்தம் வராம எடுத்தியே, அதுக்கு."