ஆவாரங்காட்டுத் தொழில்

அருப்புக்கோட்டையைக் கடந்து தூத்துக்குடிச் சாலையில் பிரயாணம் செய்பவர், பருத்தியும் சோளமும் விளையும் கரிசற் புன்செய்களுக்கு இடையே, உழுவாரும் நீர் பாய்ச்சுவாரும் இன்றி, ஆடுமாடுகளும் அதிகம் நாடாமையால் தன் போக்கில் தழைத்து நிற்கும் ஆவாரஞ் செடியைத் தரிசுகளிலும் ஓடைக் கரைகளிலும் காணலாம். சம்சாரிக்கு அது களை. ஆனால், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் அது மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் காலத்தில், அந்தக் களையே நிலமில்லாத குடும்பங்கள் சிலவற்றுக்கு ஜீவனோபாயமாகிவிடுகிறது. அத்தொழிலை நேரிற் காணும் விருப்பத்தால் மார்கழியில் அப்பிரதேசத்துக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன்.

பனி உலர்வதற்கு முன் பறித்த பூ ஈரம் கோத்துக் கறுத்துவிடும் என்றும், வெயில் ஏறியபின் பறித்தால் இதழ் துவண்டுவிடும் என்றும் சொல்லி, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறுபொழுதுக்குள் வேலையை முடிப்பதற்காக, மடியைக் கோலிக் கட்டிய பெண்கள் செடிக்குச் செடி விரைந்துகொண்டிருந்தார்கள். பொன்னாவரையும் தகரையும் ஏறக்குறைய இதே நிறத்தில் பூப்பவை ஆதலால், புதிதாகப் பறிக்க வரும் சிறுமிகளுக்குப் பூவைவிட இலைக்காம்பின் அடியைப் பார்க்கவே முதலிற் கற்பிக்கிறார்கள். அங்கே காதுமடல் போல அகன்று வளைந்த செதில் ஒன்று இருந்தால்தான் அது ஆவாரை.

பறிப்பது அரை வேலை; உலர்த்துவதே முழு வேலை. ஓலைக் கொட்டகை ஒன்றில், பழஞ்சேலைகளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியாதபடி பூக்களைப் பரப்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே, பாட்டி?" என்று கேட்டேன்.

"காயும்யா. ஆனா வெளுத்துப் போகுமே! வெளுத்த பூவப் போட்டுக் காய்ச்சுனா அது வெந்நிதான்" என்றார் அவர்.

நாளுக்கு இருமுறை புரட்டி, இதழை விரல்களுக்கிடையே நெரித்தால் சரசரவென்று பொடியும் பக்குவம் வந்ததும், சுளகில் இட்டுப் புடைத்துக் காம்பையும் தூசியையும் போக்கி, காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைக்கிறார். பொன்னிறம் மாறாமல் நீரை மட்டும் வெளியேற்றும் சாமர்த்தியமே இத்தொழிலின் ஜீவன்.

பூவைக் கொதிக்கும் நீரிற் போட்டவுடன் இறக்கி மூடிவைத்து, சற்றுப் பொறுத்து வடிகட்டி, ஏலம் தட்டிப் போட்டுக் கருப்பட்டியும் சேர்த்து எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மிகுந்து நாவைப் பிடிக்குமாம். அதில் வியப்பில்லை. அச்செடியின் பட்டையிலுள்ள துவர்ப்பை நம்பியே, அயல்நாட்டு வாட்டில் பட்டை வந்து இறங்கும்வரை, தென்னாட்டின் தோல் பதனிடும் தொழில் நடந்துவந்தது. இலங்கையிலும் சிங்களவர் இப்பூவை 'ரணவரா' என்ற பெயரால் காய்ச்சி, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பருகுவது நெடுநாளைய வழக்கம். சித்த வைத்தியர்களோ, ஆவாரையுடன் கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை ஆகியவற்றை ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்து, ஆவாரைக் குடிநீர் என்னும் கஷாயமாக மதுமேகத்துக்குக் கொடுக்கிறார்கள். நீரிழிவுக்காகவே இப்பூவை நாடுகிறவர்கள் அதிற் கருப்பட்டியைக் கரைத்துக் குடிப்பது வேடிக்கைதான். வேறு மருந்து உட்கொள்கிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதையும் சேர்த்துக்கொள்வது வேடிக்கையன்று, விபரீதம்.

இவ்வளவு நுட்பமான கைவேலைக்குக் கிடைக்கும் ஊதியத்தை விசாரித்தபோதுதான் என் மனம் சஞ்சலமுற்றது. பச்சைப் பூவுக்குக் கிடைப்பது அற்பக் காசு; உலர்ந்த சரக்குக்கோ விருதுநகர் வியாபாரிகளிடம் நல்ல விலை உண்டு. ஆயினும், உலர உலரப் பூவின் எடை பல மடங்கு குறைந்துவிடுகிறது, நாட்களும் கழிகின்றன, இடையில் ஒரு மழை பெய்தால் அவ்வளவும் பூசணம் பூத்துவிடுகிறது. ஆகவே, அன்றைய அரிசிக்கு அன்றைக்கே காசு வேண்டிய பெண்கள், கைத்தொழில் கைவசம் இருந்தும், பறித்த பூவை அப்படியே தராசில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். எடை குறையக் குறைய விலை உயரும் ஒரு சரக்கை எடைக்கே விற்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுடையது. நான் சென்ற ஊரில் பூவை உலர்த்தியே விற்பவர் அந்த மூதாட்டி ஒருவரே. மகன் அனுப்பும் பணம் அவருக்கு மாதந்தோறும் வருகிறது.

மூலிகையின் மகிமையைக் குறித்துப் பிரசங்கம் செய்வோர் நம்மிடையே பலர். ஆனால், இப்பூவைப் பறிக்கும் பெண்களுக்கு வேண்டியது மழை ஒழுகாத பொதுக் கொட்டகை ஒன்றும், பூ உலரும்வரை அடுப்பெரியச் சிறிது முன்பணமுமே. அவ்விரண்டும் கிடைத்தால், பச்சைப் பூ பறிக்கும் கூலிகள் என்று இன்று எண்ணப்படும் இப்பெண்கள், மருந்துச் சரக்கைத் தாங்களே விலை பேசி விற்பார்கள்.