என்ன ரேங்க், அத்தை?

"அத்தை, நீங்க கேமரா?"

அண்ணன் மகன் கேட்டது எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கிறான். கோடை விடுமுறைக்கு வந்தவன், என் மடிக்கணினியில் வரிசையாக இருந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறான். புரிந்ததும் "ஆமாடா" என்றேன். அடுத்த நொடியே கேட்டான்: "என்ன ரேங்க்?"

என்னிடம் ரேங்க் இல்லை. முப்பது வருஷமாக ஆடுகிறேன் என்றேன். அது அவனுக்குப் போதவில்லை. கேமர் என்றால் அவன் கண்ணுக்குள் ஒரு படம் இருக்கிறது: வண்ண வண்ணமாக ஒளிரும் கீபோர்டு, காதை மூடும் ஹெட்செட், யூடியூபில் நேரலை, பெயருக்கு மேலே மின்னும் ஒரு பதக்கம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுத்தவர்கள் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் என்னைப் பற்றி "ஆமாடா" என்று சொன்னபோது நான் நினைத்தது வேறு. அது என்ன என்பதை அவனுக்குச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு 1995 வாக்கில் டிவி கேம் வந்தது. நிண்டெண்டோ ஜப்பானில் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு அது டிவி கேம். மஞ்சள் கேசட்டை உருவி, அடியில் ஊதி, திரும்பச் செருகினால் 'கான்ட்ரா' வரும். நீலக் கால்சட்டைக்காரன் அண்ணன். சிவப்பு நான். இரண்டாவது ரிமோட் தங்கைகளுக்கு என்பது எல்லா வீட்டிலும் எழுதாத சட்டம்.

முதல் கட்டம் காடு. இரண்டாவது, எதிரியின் கோட்டைக்குள். மூன்றாவது அருவி. முதல் கட்டத்தில் பக்கவாட்டில் ஓடிய ஆட்டம் அங்கே மேல்நோக்கித் திரும்பும். பாறைத் திட்டிலிருந்து பாறைத் திட்டுக்குத் தாவி ஏற வேண்டும். இருவரில் ஒருவர் வேகமாக ஏறினால் திரை அவரோடு போய்விடும். பின்தங்கியவர் திரையின் அடி விளிம்பிலேயே செத்துப்போவார். எந்த எதிரியும் சுட்டிருக்க மாட்டான். கூட வந்தவரின் அவசரமே கொன்றிருக்கும்.

முதல் வாரம் முழுக்க நான் அந்த அருவியில்தான் செத்தேன். அண்ணன் ஏறிக்கொண்டே போவான், நான் அழுவேன், அம்மா வந்து டிவியை அணைப்பாள். பிறகு ஒருநாள் அவன் ஒரு திட்டில் நின்றுவிட்டான். மேலேயிருந்து பாறாங்கல் உருண்டு வருகிறது, சுடுகிறார்கள், அவன் அங்கேயே குதித்துக் குதித்துத் தப்பிக்கிறான். "ஏறு, நான் நிக்கேன்" என்றான். இரண்டு முறை அதற்காகவே உயிரை விட்டான். அன்றைக்குத்தான் நாங்கள் அருவியின் உச்சியைப் பார்த்தோம். அண்ணன் இப்போது எந்த ஆட்டமும் ஆடுவதில்லை, லாரி செட் வைத்திருக்கிறான். கேமர் என்றாலே எனக்கு அந்தத் திட்டில் நின்ற நீலக் கால்சட்டைதான் நினைவுக்கு வருகிறது.

திருநெல்வேலியில் கல்லூரியில் சேர்ந்தபோது ஊரெங்கும் பிரவுசிங் சென்டர்கள். முன்வரிசையில் மெயில் பார்ப்பவர்கள், தேர்வு முடிவு பார்ப்பவர்கள். பின்னால் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டுப் பத்துப் பையன்கள் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடிக்கொண்டிருப்பார்கள். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் 'ஹாஃப் லைஃப்' ஆட்டத்தின் மேல் தாங்களாகவே கட்டிய மாற்று வடிவம் அது. மறுவருஷம் வால்வ் நிறுவனம் தன் வெளியீடாகவே கொண்டுவந்தது. ஆடியவர்களே ஆக்கியது என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். மணிக்கணக்குக்குக் காசை நீட்டிப் பின்னால் ஒரு சிஸ்டம் கேட்டேன். "மெயில் பாக்க முன்னாடியே இருக்கேம்மா" என்றார் கடைக்காரர். கெட்ட மனிதர் இல்லை. ஒரு பெண் அதற்காக வந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து, வராத மெயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஒரு மணி நேரம் இன்னும் எனக்கு வலிக்கிறது.

2018இல் கைப்பேசிக்கு 'பப்ஜி' வந்தபோது பிளைவுட் தடுப்பு போய்விட்டது என்றே நம்பினேன். மைக்கை ஆன் செய்து முதல் வார்த்தை பேசியதும் எதிர்ப்பக்கம் ஒரு அமைதி விழும். அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். வாயில் வராத வசவு, இல்லையென்றால் தேன் ஒழுகும் குழைவு. ஆட்டம் போய்விடும். மைக்கை அணைத்தேன். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்றாகி மறையும் வரைக்கும், இரண்டு வருஷம் வாய் திறக்காமலே ஆடினேன்.

கேமர் என்ற சொல்லைக் காக்கிறோம் என்று சொல்லியே கொடுமை செய்தவர்கள் உண்டு. 2014இல் அமெரிக்காவில் 'கேமர்கேட்' என்ற பெயரில், ஆட்டங்களை உருவாக்கிய பெண்களையும் விமர்சித்த பெண்களையும் கும்பலாகத் துரத்தினார்கள். அவர்களில் ஒருவரான விமர்சகர் அனிதா சர்க்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்த உரையையே கொலை மிரட்டலால் கைவிட நேர்ந்தது. கேமர் என்பது தங்கள் சொத்து, வேலி போட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம் ரம்மிக்காரர்கள். சூதாட்டச் செயலிகளும் 'கேம்' என்றே தங்களை அழைத்துக்கொண்டன. குடும்பங்கள் அழிந்த பிறகு, 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக மசோதா நிறைவேற்றியது. மத்திய அரசின் 2025 சட்டம் பணம் வைத்து ஆடுவதையும் மற்ற ஆட்டங்களையும் தனித்தனியாகப் பிரித்தது. ஆனாலும் நான் கேம் ஆடுகிறேன் என்றால் என் அம்மாவின் முகம் இன்றும் ஒரு கணம் வாடுகிறது.

புத்தகம் படிப்பவருக்கு நம் மொழி 'வாசகர்' என்று கௌரவமான பெயர் கொடுத்திருக்கிறது. எத்தனை புத்தகம், என்ன ரேங்க் என்று யாரும் கேட்பதில்லை. ஆடுபவருக்கு என்ன இருக்கிறது? பதக்கம் வாங்கினால் 'வீரர்'. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள், அந்த வகையில் அதை ஆடுபவர்களும் வீரர்கள் ஆனார்கள். பதக்கம் இல்லாதவர் 'விளையாட்டுப் பிள்ளை'. இறைவன் செய்தால் திருவிளையாடல் என்று பாடுகிற ஊரில், மனுஷி செய்தால் பொறுப்பில்லாத்தனம். கேமர் என்று நான் சொல்லிக்கொள்ளும்போது வாசகருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்கிறேன். ஆட்டம் தானாக நடக்காது. ஒருவர் உள்ளே போய்த் தோற்று, திரும்பி வந்து, மறுபடி போனால்தான் அது நிகழும். அங்கே நான் என்ன செய்தேன், யாரை விட்டுவிட்டு ஏறினேன் என்பதற்கு நானே பொறுப்பு.

இதை எனக்குத் தெளிவாக்கியது 'ஜர்னி' என்ற ஆட்டம். ஜெனோவா சென்னும் அவர் குழுவும் 2012இல் வெளியிட்டார்கள். நான் ஆடியது கணினிக்கு வந்த பிறகு. சால்வை அணிந்த ஓர் உருவம் பாலைவனத்தில் தொலைதூர மலையை நோக்கி நடக்கிறது. வழியில் உலகின் எந்த மூலையிலிருந்தோ இன்னொருவர் சேர்ந்துகொள்வார். பெயர் தெரியாது, பேச முடியாது. மணியோசை மாதிரி ஒரு குரல் மட்டும் எழுப்பலாம். மைக் இல்லாத அந்த உலகத்தில்தான் நான் முதல்முறையாகத் தயக்கமில்லாமல் இன்னொருவரைக் கூப்பிட்டேன். அதை உருவாக்கியபோது முதலில் ஒருவரையொருவர் தள்ளும் வசதி வைத்திருந்தார்களாம். உதவிக்கென்று வைத்தது. ஆடிப்பார்த்தவர்களோ ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளினார்கள். அதை எடுத்துவிட்டார்கள். பதிலாக, இருவரும் தொட்டுக்கொண்டால் சால்வை ஒளிபெறும். மலையேறும்போது பனிக்காற்றில் ஒட்டி நடந்தால்தான் இருவருக்கும் கொஞ்சம் தெம்பு.

ரேங்க் கேட்டவனிடம் போன வாரம் அதைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மணல்மேட்டில் வழுக்கி இறங்கினான், கூட வந்தவரை முந்தினான், ஒளிந்திருந்ததையெல்லாம் பொறுக்கினான். பனியில் அந்த இன்னொருவர் பின்தங்கினார். மணியோசை இரண்டு முறை கேட்டது. அவன் நடந்துகொண்டே இருந்தான். கொஞ்ச தூரம் போனதும் சத்தம் நின்றுவிட்டது.

ஆட்டத்தின் முடிவில், வழியில் சந்தித்தவர்களின் பெயர்கள் திரையில் வரும். மூன்று பெயர்கள் வந்தன. அவன் திரைக்கு அருகே போய் ஒவ்வொன்றையும் வாசித்தான்.

"இதுல பனியில வந்தது யாரு அத்தை?"

எனக்கும் தெரியவில்லை. பெயர்கள் மறைந்தன. திரையில் மறுபடி பாலைவனம் விரிந்தது. மணி பத்தரை, தூங்கச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவன் தலையணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.