தாத்தா ஊத்தின எண்ணெய்!

பொய் சொல்றதுக்கு ரொம்ப ஈஸியான ஆள் யார் தெரியுமா? கண்ணு சரியாத் தெரியாத, அதே சமயம் உங்களை முழுசா நம்பற ஒரு தாத்தா. அப்படி ஒரு பொய்யை நான் சொல்லியிருக்கேன் பாஸ். அதுவும் ஒரு காரைப் பத்தி. முழுசாச் சொல்லி முடிச்சுடறேன், அப்புறம் திட்டுங்க.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். காலேஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வீடு ராஜபாளையம். எங்க வீட்டுக் கொல்லைப்புறத்துல ஒரு தகரக் கொட்டகை. அதுக்குள்ள பதினஞ்சு வருஷமாத் தூங்கிட்டிருந்த ஒரு கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு! மில்லுல ஃபிட்டரா இருந்த எங்க தாத்தா 1983-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது.

அம்பாசடர் தெரியும், பத்மினி தெரியும், அது என்ன ஹெரால்டுன்னு கேக்கறீங்களா? 1959-ல இங்கிலாந்துல 'ட்ரையம்ஃப் ஹெரால்டு'ன்னு வந்த கார். வடிவமைச்சவர் ஜியோவானி மிக்கெலோட்டிங்கற இத்தாலிக்காரர். 1961-ல இருந்து நம்ம சென்னையிலயே அதைத் தயாரிச்சாங்க. இங்கிலாந்துக்காரங்களுக்கே கிடைக்காத நாலு கதவு மாடல்கூட இங்க வந்துச்சு.

இதுல முக்கியமான மேட்டர், அதோட எலும்புக்கூடு. அம்பாசடர்லயும் பத்மினியிலயும் பாடியும் அடிச்சட்டமும் ஒரே உடம்பு. ஹெரால்டுல சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழட்டினா சட்டையைக் கழட்டற மாதிரி பாடி மேல வந்துடும். கீழ, இரும்புப் பெட்டி மாதிரி ரெண்டு நீளச் சட்டம், ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி சின்னச் சட்டங்கள்... அவ்ளோதான் கார்.

'பழைய இரும்புக்குப் போட்டுடலாம்'னு அப்பா முடிவு பண்ணின அன்னிக்கு தாத்தா ஒண்ணும் பேசல. சாப்பிடாமப் படுத்துட்டார். அவ்வளவுதான்... நான் குதிச்சுட்டேன். "ஆவணியில அக்கா கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்கு அக்கா இந்தக் கார்லதான் போறா. தாத்தா முன் சீட்டுல!" சினிமா டயலாக் மாதிரி இருந்துச்சுல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கையில இருந்தது ரெண்டரை மாசம்.

செமஸ்டர் லீவுல ஹாஸ்டல் பசங்க எட்டுப் பேர் வந்தாங்க. கூலி, ஆளுக்கு அரைக் கிலோ பால்கோவா. துருப்பிடிச்ச போல்ட்டுல மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊறப்போட்டு, கழட்டி, பாடியைத் தூக்கினோம். தாத்தா நாற்காலியில உட்கார்ந்து கேட்டுட்டே இருந்தார். ஆமா, கேட்டுட்டே! அவருக்குக் கண்ல நீர் அழுத்தம். எதிர்ல நிக்கறது ஆளா, தூணான்னு மட்டும்தான் தெரியும். ஆனா காது இருக்கே... சின்னச் சுத்தியலால சட்டத்தைத் தட்டிக்கிட்டே வரச் சொன்னார். நல்ல இரும்பு 'டங்'னு பேசும். உள்ள அரிச்சுப் போன இரும்பு 'டொப்'புங்கும். 'டொப்' கேட்ட இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டேன். மொத்தமே ரெண்டு வட்டம். பக்கச் சட்டத்துல வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. வெல்டர் வந்து அந்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத்துல தகடு வெச்சு மூடினார்.

முழுச் சட்டத்தையும் மாத்தியிருக்கலாமேன்னு தோணுதா? அங்கதான் சட்டம் வருது... இது அரசாங்கச் சட்டம்! 50 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2021-ல மத்திய அரசு தனி விதி கொண்டுவந்துச்சு. சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் செய்யாம இருந்தாத்தான் 'விண்டேஜ்' அந்தஸ்து. அதனால முடிஞ்ச வரைக்கும் பழைய இரும்பைக் காப்பாத்தறதுதான் புத்திசாலித்தனம்.

பதினஞ்சு வருஷம் கிடந்தும் ரெண்டே வட்டம்தானான்னு எனக்கு ஆச்சரியம். தாத்தா சிரிச்சார். "வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி மில்லுல இருந்து வேஸ்ட் ஆயில் கொண்டுவந்து சட்டத்துக்குள்ள ஊத்திடுவேன்டா. வண்டியை ஓரங்கட்டின பிறகும் விடல." துரு வர தண்ணியும் காத்தும் வேணும். எண்ணெய் ரெண்டையும் அண்டவிடாது. பத்தாங்கிளாஸ் கெமிஸ்ட்ரி!

இப்ப நான் பண்ணின அறிவாளித்தனத்தைக் கேளுங்க. ஆங்கிள் கிரைண்டர்ல கம்பி பிரஷ்ஷை மாட்டி, நேரா இரும்புமேல வெச்சேன். பழைய பெயின்ட், துரு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் பறக்குது. ரெண்டு நாள்ல சட்டம் பளபளன்னு வெள்ளி மாதிரி ஆயிடுச்சு. தாத்தா பக்கத்துல வந்து விரலால தடவிப் பார்த்தார். "வழுவழுங்குதேடா... மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சியா?"

"பாலிஷ் ஆயிருக்கு தாத்தா, அதான் வழுவழுங்குது. நான் மெக்கானிக்கல் படிக்கறேன், பார்த்துக்கறேன்."

பெயின்ட்டர் அண்ணாச்சியும் சொன்னார். "தம்பி, முதல்ல பிசுக்கு, அப்புறம்தான் துரு. வரிசை மாறக்கூடாது." கேட்டேனா? ஆடிச் சாரல் தொடங்கியிருந்துச்சு. மேற்கு மலையில இருந்து வர்ற ஈரக்காத்துல வெறும் இரும்பை ராத்திரி விட்டா, காலையில மஞ்சப் பொடி தூவின மாதிரி புதுத் துரு நிக்கும். அந்த அவசரம் எனக்கு. குழி விழுந்த இடங்கள்ல மட்டும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவிக் கழுவிக் காயவெச்சேன். டெல்லி குதுப் மினார் பக்கத்துல 1,600 வருஷமா நிக்குதே இரும்புத் தூண், அதுல பாஸ்பரஸ் அதிகம். அதனால உண்டான படலம்தான் அதைக் காப்பாத்துதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதே பாஸ்பேட் சங்கதிதான் இந்த டப்பாவுலயும்.

சாரல் விட்ட ஒரு மத்தியானம் எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட், மறுநாள் மேல கறுப்பு ரெண்டு கோட். சும்மா சொல்லக் கூடாது, ஷோரூம் பீஸ்! தாத்தா "எப்படிடா இருக்கு?"ன்னார். "கண்ணாடி மாதிரி இருக்கு தாத்தா!" அன்னிக்கு அது பொய் இல்ல.

ஆடிப்பூரத்துக்கு முந்தின ராத்திரி. மறுநாள் தேரோட்டம் முடிஞ்சதும் பாடியை ஏத்தறதா பிளான். போல்ட் ஓட்டைகளைச் சுத்தி ஒட்டியிருந்த டேப்பை உரிச்சேன். டேப்போட சேர்ந்து கறுப்பும் வந்துச்சு. கறுப்போட பிரைமரும் வந்துச்சு. உள்ளங்கை அகலத்துக்கு, வெங்காயத் தோல் மாதிரி! அடியில இரும்பு மினுமினுன்னு... எண்ணெய்ல. ரெண்டு தகடு சேர்ற இடுக்குல இருந்து, வெயில் சூட்டுல, தாத்தா ஊத்தின எண்ணெய் கசிஞ்சு மேல வந்திருக்கு. கிரைண்டர் அதை எடுக்கவே இல்ல. தேய்ச்சுப் பரப்பியிருக்கு. நகத்தால சுரண்டிப் பார்த்தேன். இடது பக்கம் முழுக்க அதே கதை.

பிளேடால ஓரத்தை வெட்டி, பிரஷ்ஷால கறுப்பைத் தடவினேன். பத்தே நிமிஷம். ஒண்ணுமே தெரியல. நாளைக்குப் பாடி ஏறிட்டா யாருக்கு என்ன தெரியப் போகுது? உள்ளே இருந்து தாத்தா குரல். "என்னடா, எல்லாம் சரிதான?"

"சூப்பர் தாத்தா. தூங்குங்க."

இதுதான் அந்தப் பொய்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரோட்டம். கூட்டத்தோட கூட்டமா வடம் பிடிச்சுட்டு, ஓரமா வந்து நின்னேன். எல்லாரும் அண்ணாந்து பார்க்கறாங்க. மேல துணி, தோரணம், பூ. ஆனா ஒரு சில பேர் மட்டும் மேல பார்க்கவே இல்ல. கையில முட்டுக்கட்டையோட சக்கரத்தை ஒட்டியே நடக்கறாங்க. கண்ணு சக்கரத்தைவிட்டு நகரல. அவ்ளோ பெரிய தேரைத் திருப்பறதும் நிறுத்தறதும் அந்தக் கட்டைதான். அவங்கள்ல ஒருத்தர் 'மேல அலங்காரம் நல்லாத்தானே இருக்கு'ன்னு நெனைச்சுட்டா என்ன ஆகும்னு தோணுச்சு. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ராஜபாளையம் வந்துட்டேன்.

"தாத்தா, நேத்து பொய் சொன்னேன். பெயின்ட் உரிஞ்சு வருது. அடியில எண்ணெய்."

ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அது நான் ஊத்தின எண்ணெய்டா"ன்னார். குரல்ல கோபம் இல்ல. என்னவோ தப்புப் பண்ணினவர் அவர்ங்கற மாதிரி இருந்துச்சு. அதுதான் எனக்குத் தாங்கல.

"தாத்தா, அந்த எண்ணெய் இல்லேன்னா சட்டமே இருந்திருக்காது. நான்தான் துடைக்கல."

"சரி... கல்யாணத்துக்கு வண்டி வராதுல்ல?"

"வராது."

"பரவால்ல. உரி."

இடது பக்கத்தை முழுக்க உரிச்சேன். வலது பக்கமும் சந்தேகம், அதையும் உரிச்சேன். இந்தத் தடவை வரிசை மாறல. மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணி, அப்புறம் வெயில். சூட்டுல இடுக்குல இருந்து எண்ணெய் கசியும். மறுபடி துடை, கழுவு, காயவை. ஒன்பது நாள்! மில் வேஸ்ட் காட்டன் ஒரு மூட்டை காலி. அதுக்கப்புறம்தான் 80 நம்பர் உப்புத்தாள். கம்பி பிரஷ் இரும்பைப் பளபளப்பாக்கும், ஆனா பெயின்ட் பிடிச்சு நிக்க சொரசொரப்பு வேணும்.

சுத்தமாயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? செலவே இல்லாத ஒரு டெஸ்ட் இருக்கு, நோட் பண்ணிக்கங்க. இரும்புமேல நல்ல தண்ணியை ஊத்துங்க. தாமரை இலைல நிக்கற மாதிரி முத்து முத்தா நின்னா, எண்ணெய் இன்னும் இருக்கு. ஒரே படலமாப் பரவினா, சுத்தம். 'வாட்டர் பிரேக் டெஸ்ட்'னு இதுக்குப் பேரே இருக்கு. நம்ம பக்கத்துக் காரைக்குடியில, 1953-ல இருந்து துருவை ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கு. இவ்ளோ பெரிய சப்ஜெக்ட்டை நான் ரெண்டு நாள் கிரைண்டர்ல முடிச்சுடப் பார்த்திருக்கேன்!

இன்னும் ரெண்டு விஷயம். காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா டப்பாவைத் திறக்காதீங்க. இரும்போட சூடு, பனி படியற அளவைவிட 3 டிகிரியாவது கூட இருக்கணும். ஹார்டனர் கலக்கற பெயின்ட் அடிக்கறப்ப கர்ச்சீப் கட்டினா போதாது, அதுக்குன்னு இருக்கற ஃபில்டர் மாஸ்க் போடுங்க. காய்ஞ்ச மணலை அடிச்சுத் துரு எடுக்கற வேலையே வேணாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுத்துடும்.

கல்யாணத்துக்கு வாடகைக் கார்தான் வந்துச்சு. தாத்தா முன் சீட்டுல உட்கார்ந்து டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்துட்டு, "டொப்புங்குதேடா"ன்னார். அக்கா மேக்கப் கலையக் கலைய சிரிச்சா.

பெயின்ட் முடிஞ்சு ஒரு வாரம் காயவிட்ட பிறகு, சட்டத்தோட உள்பக்கத்துக்குக் குழாய் விட்டு மெழுகு அடிச்சேன். தாத்தா மோந்து பார்த்தார். "இதுவும் எண்ணெய் மாதிரிதான?"

"ஆமா தாத்தா. நீங்க ஊத்தினதேதான். ஆனா கடைசியா ஊத்தணும்."

அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்து, முன்பக்கத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் விரலால தடவிக்கிட்டே போனார். இடது பக்கம் ஒரு இடத்துல நின்னார். அன்னிக்கு ராத்திரி நான் பூசி மறைச்ச அதே இடம்.

"இங்கதான?"

"இங்கதான் தாத்தா."

நகத்தால ஒரு தடவை சுரண்டினார். வரல. "ம்..."னுட்டு நடந்தார்.

இப்ப ஐப்பசி மழை. கொட்டகையில சட்டம் மட்டும் கறுப்பா நிக்குது. பாடிக்கு டிங்கரிங் பாக்கி, இன்ஜின் பாக்கி. அக்கா போன்ல கேட்டா: "என் தலை ஆடிக்காவது அந்தக் கார் வருமாடா?"

"தெரியலக்கா"ன்னேன்.

பக்கத்துல இருந்த தாத்தா தலையாட்டினார். "இப்பத்தான்டா ஒழுங்காப் பேசற."