167ஐக் கேட்டு வாங்கினோம்

சிங்கப்பூரின் தேக்காவில் காய்கறி வாங்கிப் பைகளோடு நாம் ஏறும் பேருந்து யாருடையது? 2016இல் பேருந்துக் குத்தகை முறை வந்ததிலிருந்து வண்டிகளும் தடங்களும் அரசின் பொறுப்பு. டிக்கெட் வருமானம் அரசுக்கு, ஓட்டும் நிறுவனத்துக்கு ஒப்பந்தத் தொகை. லாபமில்லாத தடமும் தப்பிக்கும் என்று அப்போது மகிழ்ந்தேன், இன்றும் அந்த முறை நல்லதென்றே நினைக்கிறேன்.

ஆனால் 2023 நவம்பரில், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் வந்துவிட்டதால் செம்பவாங்–புக்கிட் மேரா பேருந்து 167 நிறுத்தப்படும் என்று தரைப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. பயணிகள் விடவில்லை. சில நாள்களில் முடிவு மாறியது: 167 தொடரும், 30 நிமிடத்துக்கு ஒரு வண்டி. ரயில் போதாதா என்பவர்களுக்கு, மூட்டுவலிக்காரர்களுக்கு ரயில் நிலையத்து நடை எவ்வளவு நீளம் தெரியுமா? அடுத்த முறை, அறிவிப்பதற்கு முன்பே எங்களைக் கேளுங்கள்.