ஐந்தாம் இடுக்கு

பணி ஓய்வு விழாவில் சால்வை போர்த்திய ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அம்மாவுக்கென்ன, முப்பத்தோரு வருஷம் பட்டனை அழுத்தினாங்க." நானும் சிரித்துவைத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஈசிஜி மிஷின் பட்டனை யாரும் அழுத்தலாம். வி4 லீடை நெஞ்சில் எங்கே வைப்பது? அதுவும் ஒரு பெண்ணுக்கு?

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டெக்னீஷியன் இல்லை, வார்டு சிஸ்டர் ஒருவர். நெஞ்செலும்பில் விரலை வைத்து இறக்கினால் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இரண்டாம் விலா. அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு விலா இடுக்குகளை எண்ணச் சொல்வார். நாலில் வி1, வி2. ஐந்தில் வி4, மார்பைத் தூக்கி அதனடியில். நான் தயங்கினால், "கூச்சம் அவளுக்கு இருக்கட்டும், உனக்கெதுக்குடி?" என்பார். ஆறு மாதம் என்னைத் தனியாக ஈசிஜி எடுக்க விடவில்லை. அடியில்தான் வைக்க வேண்டுமா என்று வாதிடுகிற டாக்டர்களும் உண்டு. வாதிடட்டும், இடுக்கு தப்பக்கூடாது. ரவிக்கைக் கொக்கியைக் கழற்றாமல் மேலே எங்கோ ஒட்டினால் ஆர் அலை வளராது. வராத அட்டாக் வந்துபோனது போலத் தெரியும்.

பெண்ணுக்கு மாரடைப்பு ஆணைவிடப் பிந்தித்தான் வரும். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, ஒன்பது வருஷம் பிந்தும் என்றது. அதே ஆய்வில் நம் தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் 53 வயதுவாக்கில். மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. ஆனால் 'பிந்தி வரும்' என்பது எல்லார் காதிலும் 'வராது' என்றே விழுகிறது. சர்க்கரை இருந்தால் அந்தச் சலுகையும் பெரும்பாலும் போச்சு.

ஒருநாள் ராத்திரி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்தார். ஐந்து பேர் ஓடினார்கள். பக்கத்துக் கட்டிலில் ஐம்பத்தெட்டு வயதுச் சர்க்கரைக்கார அம்மா: "தாடை இழுக்குது, வயித்தைப் பிரட்டுது, கையெல்லாம் ஓஞ்சுபோச்சு." சீட்டில் 'வாயு' என்று எழுதியாகிவிட்டது. முதல் ஈசிஜி பட்டையில் ஒன்றுமில்லை. ஆனால் வியர்வையில் லீடு நிற்கவே இல்லை, மூன்று தடவை துடைத்தேன். மின்விசிறிக்குக் கீழே படுத்திருப்பவருக்கு வாயுவில் அப்படியா வேர்க்கும்? அரைமணி கழித்து, யாரும் கேட்காமலே மறுபடி எடுத்தேன். லீடு இரண்டு, மூன்று, ஏவிஎஃப் எல்லாவற்றிலும் எஸ்டி தூக்கியிருந்தது, அட்டாக்தான். பிழைத்துக்கொண்டார். சீட்டில் என் பெயரா இருக்கும்?

எண்பதைத் தாண்டியவர்களில் பல பேர் வலியே சொல்ல மாட்டார்கள். மூச்சு வாங்கும், இல்லை திடீரென்று ஆள் தெரியாது. அதற்கும் ஒரு பட்டை எடுக்கணும்.

இப்போது மிஷினே முடிவையும் அச்சடித்துத் தந்துவிடுகிறது. புதிதாக வரும் பிள்ளைகள் மேல்வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கடைசி வாரத்தில் பயிற்சிக்கு வந்த பெண், "நார்மல்னு போட்டிருக்கேக்கா" என்று நீட்டினாள். நோயாளியின் ரவிக்கைக் கொக்கி ஒன்றுகூடக் கழறவில்லை. கேட்டால், "அவங்க கூச்சப்பட்டாங்க" என்றாள். திட்டத்தான் வாயெடுத்தேன். எங்கள் அறைத் திரை இரண்டு வருஷமாகக் கிழிந்து தொங்குகிறது. மாற்றித் தரச் சொல்லி நானே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.